கறுப்புக் கல்மேல் வெள்ளை உருவங்கள்: ஐரோப்பிய இடைக்காலக் கோத்திக் பாணிப் பலிபீடச் சிற்பங்கள் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் அரை மீட்டர் உயரமுள்ள ஒரு வெள்ளைப் பளிங்கு வானதூதரைப் பார்த்தேன். கையில் பூசைக்கு உரிய இரண்டு குப்பிகள். முன்புறம் அத்தனை நுணுக்கம், பின்புறத்தில் வேலைப்பாடே இல்லை. உடைந்துபோனதா, இல்லை சிற்பி பாதியில் விட்டுவிட்டாரா?

பதில்: இரண்டும் இல்லை. அது தனிச் சிலையே அல்ல. பொந்துவாஸ் நகருக்கு அருகில் மொபுய்சோன் என்ற கன்னியர் மடம் இருந்தது. அதன் கோயிலின் தலைமைப் பீடத்துக்கு ஒரு பளிங்குப் பின்பலகையை (பீடத்தின் பின்னால் நிற்கும் சிற்பப் பலகை) அரசி ழான் தெவ்ரே 1340 வாக்கில் செய்வித்தார். நீங்கள் பார்த்தது அதிலிருந்து பிரிந்து வந்த ஓர் உருவம். எவ்ரார் தோர்லெயான் என்ற சிற்பியின் வேலை என்று கருதுகிறார்கள். வெள்ளைப் பளிங்கில் தனித்தனியாகச் செதுக்கிய உருவங்களை, மெருகேற்றிய கறுப்புக் கல் பலகையின்மேல் வரிசையாகப் பொருத்தியிருந்தார்கள். பலகையோடு ஒட்டுகிற பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. அங்கே உளி வைப்பது வீண் வேலை.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மடம் கலைக்கப்பட்டது. கறுப்புப் பலகை போயிற்று, உருவங்கள் சிதறின. அதே பின்பலகையின் கடைசி இராவுணவுக் காட்சி இப்போது பாரிஸிலேயே கார்மலைட் கோயிலில் இருக்கிறது. லூவ்ரில் சாம்பல் சுவருக்கு முன்னால், தனி விளக்கில் நிற்கும் வானதூதர் அழகுதான். ஆனால் செய்தவர் நினைத்த அழகு வேறு. கறுப்புப் பின்னணியில் வெள்ளை உருவத்தின் வெளிக்கோடு கத்தி வெட்டியதுபோலத் தெரியும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பத்து மீட்டர் தள்ளி நிற்பவருக்கு முகபாவம் தெரியாது, வெளிக்கோடு தெரியும். அதை நம்பித்தான் அந்த வேலையே.

கேள்வி: உருவத்தைப் பலகையில் எப்படிப் பொருத்தினார்கள்? பசையா, ஆணியா?

பதில்: முக்கியமாக இரும்பு முளையும் ஈயமும். சின்ன உருவங்களுக்குப் பிசின், மெழுகு, பளிங்குத் தூள் மூன்றையும் சூடாக்கிக் கலந்த பசையும் உண்டு. ஆனால் எடை தாங்குவது முளைதான்.

உருவத்தின் பின்புறத்திலும் பலகையிலும் நேருக்கு நேர் துளை போடுவார்கள். துளை முளையைவிடச் சற்று அகலமாக இருக்கவேண்டும். சுற்றிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இல்லாவிட்டால் ஈயம் உள்ளே ஓடாது, வாயிலேயே உறைந்துவிடும். துளையின் உட்சுவரைச் சொரசொரப்பாக விடுவார்கள், பிடிப்புக்காக. முளையை வைத்து, மேலிருந்து சரிவாக வெட்டிய சின்ன வாய்க்கால் வழியே உருக்கிய ஈயத்தை ஊற்றுவார்கள். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். துளைக்குள் ஒரு சொட்டு நீர் இருந்தாலும் அது நொடியில் ஆவியாகி, உருகிய ஈயத்தை ஊற்றுபவர் முகத்திலேயே பீச்சி அடிக்கும். அதனால் துளையை முதலில் சூடாக்கி உலர்த்துவது கட்டாயம். குளிர்ந்த கல்லில் சட்டென்று ஊற்றினால் மெல்லிய விளிம்பு விரிசல் விடவும் செய்யும். ஈயம் ஆறும்போது சுருங்குகிறது, முளை லேசாக ஆடத் தொடங்கும். அதனால் வெளியே தெரியும் ஈயத்தை மழுங்கிய உளியால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். இந்தக் கடைசி வேலையைச் சோம்பலில் விட்ட இடங்களில்தான் உருவம் முதலில் தளர்கிறது.

ஈயம் இரும்பை முழுக்க மூடியிருக்கும்வரை துரு ஏறாது. ஒரு முனை ஈரத்துக்குத் திறந்திருந்தால் போதும். துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தம் பளிங்கைப் பிளந்துவிடும். பழைய உருவங்களில் கணுக்கால், கழுத்து, இறக்கையின் அடி ஆகிய இடங்களில் நட்சத்திரம் போல் பிரியும் விரிசலும் நடுவில் பழுப்புக் கறையும் கண்டால், உள்ளே துருப்பிடித்த முளை இருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இன்று மறுசீரமைப்பவர்கள் அதை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகோ டைட்டானியமோ வைக்கிறார்கள். எபாக்ஸி என்ற கடினப் பசையால் ஒட்ட வேண்டி வந்தால், கல்லின் முகத்தில் முதலில் பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பூச்சை ஒரு படலம் தடவுவார்கள். பின்னொரு நாள் அசிட்டோனால் அந்தப் படலத்தைக் கரைத்தால், கல்லை உடைக்காமல் இணைப்பைக் கழற்றலாம். நேரடியாக எபாக்ஸி போட்டவர் அடுத்த தலைமுறைக்குச் செய்வது பெரிய கேடு.

கேள்வி: பளிங்கில் புடைப்புச் சிற்பம் செதுக்கக் கற்கிறேன், கோத்திக் பாணி ஆடை மடிப்புகளோடு. மெருகேற்றிய பிறகு ஆங்காங்கே வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. என்ன தவறு?

பதில்: தவறு தேய்ப்பில் இல்லை, முதல் நாள் கூருளியில் இருக்கிறது. கருங்கல்லில் பழகிய கை உளியைச் செங்குத்தாகப் பிடித்து ஓங்கி அடிக்கும். அந்தக் கல்லுக்கு அதுதான் சரி. பளிங்கு என்பது ஒன்றோடொன்று பின்னிய கால்சைட் படிகங்கள். செங்குத்தான அடி அவற்றை உள்ளேயே நொறுக்கிவிடும். அடியின் தடம் மேலே ஒரு மில்லிமீட்டர்தான் தெரியும், நொறுங்கல் பல மில்லிமீட்டர் ஆழம் போயிருக்கும். மெருகேற்றும்போது சுற்றியுள்ள கல் ஒளியை உள்வாங்கிக் கண்ணாடித்தன்மை பெறும், நொறுங்கிய இடம் மட்டும் வெள்ளையாகப் பூக்கும். அந்த ஆழம்வரை மொத்த மேற்பரப்பையும் இறக்குவதைத் தவிர அதற்கு மருந்து இல்லை. மூக்கில் விழுந்திருந்தால் அதுவும் முடியாது.

இனிச் செய்யும்போது இந்த வரிசையை வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லை முதலில் சுத்தியால் தட்டிக் கேளுங்கள். மணிபோல ஒலித்தால் நல்லது, மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல். நீர் ஊற்றிக் காயவிட்டுப் பாருங்கள். விரிசல் கோடு கடைசியாகத்தான் காயும். பிறகு கூருளியை ஏறக்குறைய 45 டிகிரி சாய்த்துப் பிடித்து, இணையான வாய்க்கால்களாக ஓட்டுங்கள். முடிவான மேற்பரப்புக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் முன்பே கூருளியை நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து பல் உளி. அதன் பற்கள் கல்லைச் சீப்புவதுபோல் எடுக்கும், அடி பரவலாக விழுவதால் ஆழத்தில் நொறுங்காது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போது தட்டை உளி, அதன் பிறகு அரம்.

மடிப்புகளின் ஆழமான பள்ளங்களுக்கு உளியை நம்பாதீர்கள். கோத்திக் சிற்பிகள் அங்கே துரப்பணம் வைத்தார்கள்: வரிசையாகத் துளைகள் போட்டு, இடையிலுள்ள மெல்லிய சுவர்களை உடைத்துப் பள்ளமாக்குவது. ஆழமான பள்ளத்துக்குள் உளியால் அடித்தால் பக்கத்து மடிப்பின் விளிம்பு பறந்துவிடும். துரப்பணம் அடிப்பதில்லை, சுழல்கிறது. துளைக்குள் சேரும் தூளை அடிக்கடி வெளியேற்றுங்கள், இல்லையென்றால் முனை சிக்கிக் கல்லைப் பிளக்கும். பழைய சிற்பங்களில் மடிப்பின் அடியில் அரைவட்டத் துளைத் தடங்கள் வரிசையாகத் தெரிவதை உற்றுப்பார்த்தால் காணலாம். கீழே நிற்பவருக்குத் தெரியாது என்று அப்படியே விட்டிருக்கிறார்கள்.

விரல்கள், செங்கோல், நீட்டிய கை இவற்றுக்கும் உடலுக்கும் இடையே கல் பாலங்களைக் கடைசிவரை விட்டுவையுங்கள். அவற்றை அரத்தால் அறுத்தெடுப்பதுதான் இறுதி வேலை. பல கோத்திக் உருவங்களில் அந்தப் பாலங்கள் இன்றும் இருக்கின்றன. மார்புக்கு முன்னால் தூக்கிய கையின் பின்புறம் பாருங்கள்.

தேய்ப்புக்கு அக்காலத்தில் மணற்கல், எமரித் தூள், பியூமிஸ் என்ற நுரைக்கல் என்று போனார்கள். இன்று நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளில் 120, 220, 400, 600 என்ற எண்களில் ஏறினால் போதும், படி தாண்டக்கூடாது. 120-இன் கீறலை 400 மறைக்காது, பளபளப்பாக்கிக் காட்டும். இன்னொன்று: எல்லாவற்றையும் மெருகேற்றிவிடாதீர்கள். முகமும் கையும் வழுவழுப்பாக, முடியும் பின்னணியும் உளித்தடத்தோடு இருப்பதுதான் அந்தப் பாணி. அந்தச் சொரசொரப்பு வண்ணத்துக்கும் பொன்னுக்கும் பிடிப்புத் தரும்.

கேள்வி: வண்ணமா? பளிங்கை வெள்ளையாகத்தானே விட்டிருப்பார்கள்?

பதில்: முழுக்க மூடவில்லை, முழுக்க வெறுமையாகவும் விடவில்லை. சதைப் பகுதி பெரும்பாலும் கல்லின் நிறத்திலேயே இருக்கும். உதட்டில் லேசான சிவப்பு, கண்மணிக்குக் கருமை. முடி, தாடி, ஆடையின் கரை ஆகியவற்றில் பொன் இழை. மேலாடையின் உட்புறம் நீலமோ சிவப்போ. இத்தாலியில் பின்னணிக்குக் கண்ணாடியும் பதித்தார்கள். ஒர்கான்யா என்ற சிற்பி 1359-இல் தன் பெயரைப் பொறித்து முடித்த ஃபுளோரன்ஸ் ஓர்சான்மிக்கேலே கோயிலின் பளிங்கு மாடம் வண்ணக் கண்ணாடித் துண்டுகளால் மின்னுகிறது.

பொன் இழை ஒட்டுவது பொறுமைக்கான சோதனை. பளிங்கு எண்ணெயை அதிகம் உறிஞ்சாது. ஈய வெள்ளையோ காவியோ கலந்த ஆளிவிதை எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசி, அது பதமாகும்வரை காத்திருக்க வேண்டும். விரல் மூட்டின் பின்புறத்தை வைத்துப் பாருங்கள்: இழுத்துப் பிடிக்கவேண்டும், ஆனால் தடம் விழக்கூடாது. ஈரமாக இருக்கும்போதே இழையை வைத்தால் அது எண்ணெயில் மூழ்கி மங்கிவிடும். காய்ந்துபோன பிறகு வைத்தால் துடைக்கும் பஞ்சோடு வந்துவிடும்.

கல் வழவழப்பாக இருந்ததால் வண்ணம் உதிர்ந்தது. மிச்சத்தைப் பிற்காலத்தில் ‘சுத்தம்’ செய்தவர்கள் கழுவி எடுத்தார்கள். காதின் மடல், மூக்குத் துவாரம், மடிப்பின் அடி, இவை மூன்றும் துணி எட்டாத இடங்கள். வண்ணத் துணுக்கு தேடுபவர் முதலில் அங்கேதான் உருப்பெருக்கியை வைப்பார்.

கேள்வி: இங்கிலாந்தின் பழைய பீடச் சிற்பங்களைச் சிலர் பளிங்கு என்கிறார்கள், சிலர் அலபாஸ்டர் என்கிறார்கள். பார்த்தவுடன் பிரித்தறிய வழி உண்டா?

பதில்: இங்கிலாந்து, 14 அல்லது 15-ஆம் நூற்றாண்டு, முழங்கை நீள உயரத்தில் தட்டையான பலகை, அதில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் உருவங்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அலபாஸ்டர் என்று சொல்லிவிடலாம். டார்பிஷயரின் செல்லஸ்டன் பகுதிச் சுரங்கக் கல்லை நாட்டிங்ஹாமிலும் வேறு நகரங்களிலும் செதுக்கி, ஐரோப்பா முழுக்க அனுப்பினார்கள். வைட் தீவுப் பாதிரியார் ஜான் குட்இயர் 1456-இல் ஸ்பெயினின் சந்தியாகோ தே கோம்போஸ்தெலாவுக்குக் கொடுத்த பின்பலகை இன்றும் அங்கே இருக்கிறது. மரச்சட்டத்தோடு முழுமையாகப் பார்க்க விரும்பினால் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் ஸ்வான்சி பீடப்பலகை.

வேதியியலில் இரண்டும் வேறு. பளிங்கு கால்சியம் கார்பனேட், மோஸ் அளவில் கடினத்தன்மை 3. அலபாஸ்டர் ஜிப்சம், அதாவது நீரேறிய கால்சியம் சல்பேட், கடினத்தன்மை 2. நகம் சுமார் 2.5 என்பதால் அலபாஸ்டரில் நகத்தால் கீறலாம், பளிங்கில் முடியாது. தயவுசெய்து இதை உங்கள் சொந்தத் துண்டுக் கல்லில் மட்டும் செய்துபாருங்கள். தொட்டால் பளிங்கு சில்லென்றிருக்கும், அலபாஸ்டர் அவ்வளவு குளிராது. பளிங்கை உடைத்த முகத்தில் சர்க்கரைபோல் மணிகள் மின்னும், அலபாஸ்டர் மெழுகுபோல் இருக்கும். பலகையின் பின்புறம் பார்க்கக் கிடைத்தால் இன்னும் எளிது: ஆங்கிலேயப் பலகைகளில் துளையிட்டு ஈயம் வைத்து, அதில் பித்தளை போன்ற உலோகக் கம்பியைப் பதித்திருப்பார்கள். மரச்சட்டத்தோடு கட்டுவதற்கான கம்பி அது. பச்சைத் தரையில் வெள்ளை இதழ்ப் பூக்கள் தீட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அலபாஸ்டரை ஏன் விரும்பினார்கள்? சுரங்கத்திலிருந்து வந்ததும் கத்தியாலேயே வெட்டலாம், வேலை பல மடங்கு வேகம். அதற்கு விலையும் உண்டு. ஒரு லிட்டர் நீரில் சுமார் 2 கிராம் ஜிப்சம் கரையும். பளிங்கு அதில் நூறில் ஒரு பங்குகூடக் கரையாது. ஆகவே ஒழுகும் கூரைக்குக் கீழே ஒரு நூற்றாண்டு நின்ற அலபாஸ்டர் முகத்தில் மூக்கும் இருக்காது, வாயும் இருக்காது. மெழுகுவர்த்தியை மிக அருகில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, ஒளி ஊடுருவும் கல் சுண்ணாம்புக்கட்டியாக வெளுத்துவிடும்.

1550-இல் கோயில்களிலிருந்து உருவங்களை அகற்றும் சட்டம் வந்தபோது இங்கிலாந்தில் எண்ணற்றவை உடைபட்டன. கப்பலேறிப் பிரான்சு போன்ற நாடுகளுக்குப் போனவை பல தப்பின.

கேள்வி: ஒரு பழைய கோயிலின் பீடத்துப் பளிங்குப் புடைப்புச் சிற்பத்தில் மெழுகும் புகைக்கறையும் படிந்திருக்கிறது. எலுமிச்சைச் சாறோ வினிகரோ போட்டால் போகுமா?

பதில்: போகும், கூடவே சிற்பமும் போகும். அமிலம் பட்ட பளிங்கு நுரைத்துக் கரையும். கறை ஒட்டியிருந்த மேற்பரப்பே கழன்று வருவதைத்தான் ‘பளிச்சென்று ஆகிவிட்டது’ என்று பார்க்கிறோம். மறுநாள் தடவிப்பாருங்கள், சொரசொரக்கும். அந்தச் சொரசொரப்பில் அடுத்த புகை இரண்டு மடங்கு வேகமாகப் படியும். கழிவறை கழுவும் திரவமும் பெரும்பாலும் அமிலம்தான்.

முதலில் கல் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கால்சைட் படிகம் சூடானால் ஒரு திசையில் விரியும், குறுக்குத் திசையில் சற்றே சுருங்கும். வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட்ட பளிங்கில் படிகங்கள் ஒன்றையொன்று தள்ளிக் கொண்டு விலகுகின்றன. விரலால் வருடினால் மணிமணியாக உதிர்ந்தால் அதைத் தொடாதீர்கள்; உறுதிப்படுத்தும் வேலை முதலில், சுத்தம் பிறகு. வண்ணமோ பொன்னோ துளி தென்பட்டாலும் நிறுத்திவிட்டுத் தொழில்முறை மறுசீரமைப்பாளரை அழையுங்கள்.

கல் உறுதி, வண்ணம் இல்லை என்றால் மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசு தட்டுங்கள். தூசியை உறிஞ்சும் குழாயின் வாயில் வலைத்துணி கட்டியிருக்கட்டும், உதிரும் துணுக்கு தொலையாது. மெழுகை உலோகக் கத்தியால் சுரண்டாமல், மரக்குச்சியால் எடுக்க முடிந்ததை எடுத்து, மிச்சத்தை ஒயிட் ஸ்பிரிட் என்ற பெயிண்ட் கரைப்பானில் நனைத்த பஞ்சால் கரைத்தெடுங்கள். பஞ்சை உருட்ட வேண்டும், தேய்க்கக்கூடாது. பிறகு வாலை வடித்த நீர், ஒரு முறைக்கு ஒரு உள்ளங்கை அகலம் மட்டும். குழாய் நீரில் உள்ள உப்பு கல்லுக்குள் போய்ப் படிகமாகி மேல்தோலை உரிக்கும். இது பளிங்குக்கு மட்டும். அலபாஸ்டரில் நீரே கூடாது.

கெட்டியான கறுப்புப் படலம் இருந்தால் அது வெறும் புகை அல்ல. காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடு பளிங்கின் மேற்பரப்பை ஜிப்சமாக மாற்றி, அதற்குள் கரியைச் சிறைவைத்திருக்கிறது. அம்மோனியம் கார்பனேட் பற்றோ 1064 நானோமீட்டர் லேசரோ கொண்டு நிபுணர்கள் எடுப்பார்கள். வீட்டு வேலை அல்ல.

கேள்வி: இந்தச் சிற்பங்கள் எவ்வளவு எடை இருக்கும்?

பதில்: ஒரு கன சென்டிமீட்டர் பளிங்கு 2.7 கிராம். 50 சென்டிமீட்டர் உயரம், 30 அகலம், 6 தடிமன் உள்ள பலகை 24 கிலோ. இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் தடிமனில் பீட மேற்பலகை ஒரு டன்னைத் தாண்டும். மூன்றாம் எட்வர்டு மன்னர் விண்ட்சர் சிற்றாலயத்துக்காக நாட்டிங்ஹாமில் செய்வித்த அலபாஸ்டர் பின்பலகையைக் கொண்டுவர 10 வண்டிகளும் 80 குதிரைகளும் தேவைப்பட்டன. துண்டு துண்டாகச் செய்து, கோயிலில் கூட்டியதற்கு எடையும் ஒரு காரணம். இரண்டாவது காரணம், பாதையில் ஒன்று உடைந்தால் அதை மட்டும் மறுபடி செதுக்கலாம்.

கேள்வி: அருங்காட்சியகத்தில் அல்லாமல், பீடத்திலேயே பார்க்கக்கூடியவை எவை?

பதில்: எங்கள் முதல் பரிந்துரை ஜெர்மனியின் கொலோன் பேராலயம். 1322-இல் பலிப்பூசைக் கூடம் அர்ச்சிக்கப்பட்டபோது இருந்த தலைமைப் பீடம் இன்றும் அதே இடத்தில் நிற்கிறது. நாலரை மீட்டர் நீளமுள்ள ஒரே கறுப்புக் கல் மேற்பலகை. முன்பக்கத்தில் வெள்ளை வளைவுகளுக்குள் திருத்தூதர்கள் பன்னிருவர், நடுவில் அன்னை மரியாவின் முடிசூட்டு. மற்ற மூன்று பக்க உருவங்களை 18-ஆம் நூற்றாண்டில் எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கிருப்பவை நகல்கள், மூலங்கள் அதே நகரின் ஷ்ணூட்கன் அருங்காட்சியகத்தில். மொபுய்சோன் பின்பலகை எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்ய விரும்புபவர் இந்த முன்பக்கத்துக்கு எதிரே நின்றால் போதும்.

இத்தாலியில் பொலோஞ்ஞா நகரின் சான் பிரான்செஸ்கோ கோயில். யாக்கோபெல்லோ, பியர்பாவோலோ தல்லே மசெஞ்ஞே என்ற வெனிஸ் சகோதரர்கள் 1388-இல் ஒப்புக்கொண்ட பளிங்குப் பின்பலகை, கூர்முனைக் கோபுரங்கள் காடாக நிற்கும். அதில் அளவும் நுணுக்கமும் உண்டு, ஆனால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் தவிக்கும். மிலானின் சாந்த் எவுஸ்தோர்ஜோவில் குழந்தை இயேசுவைக் காண வந்த மூவரசர் காட்சியைச் சொல்லும் 1347-ஆம் ஆண்டுப் பலகை அதைவிட நிதானமானது. பதுவாவின் ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயத்துக்குப் போகிறவர்கள் ஜோத்தோவின் சுவரோவியங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு நேரத்தை முடித்துக்கொள்கிறார்கள். பீடத்தின்மேல் ஜியோவானி பிசானோ செதுக்கிய மரியாவும் குழந்தையும், இரு புறமும் மெழுகுதண்டு ஏந்தும் வானதூதர்களும் இருக்கிறார்கள். தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வைக் கோட்டைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

கேள்வி: ஏலத்தில் ‘14-ஆம் நூற்றாண்டுப் பளிங்குப் பீட உருவம்’ என்று வருபவற்றை நம்பலாமா?

பதில்: பின்புறத்தைக் காட்டாத படத்தை நம்பாதீர்கள். முளைத் துளைகள், அவற்றின் ஈய எச்சம், கூருளித் தடம் இவை அங்கேதான் இருக்கும். இயந்திர அறுப்பின் ஒரே சீரான கோடுகள் தெரிந்தால் பேச்சு முடிந்தது. உடைவு எங்கே நடந்திருக்கிறது என்றும் கவனியுங்கள். பழமை காட்ட உடைப்பவர் முகத்தை விட்டுவிட்டு விரலையும் ஆடை விளிம்பையும் உடைப்பார். நிஜமான விபத்தும், உருவ வழிபாட்டை எதிர்த்தவர்களின் அடியும் மூக்கைத்தான் முதலில் எடுக்கும்.

புற ஊதா ஒளியில் புதிதாக வெட்டிய பளிங்கு ஊதாவாகத் தெரியும், பழைய மேற்பரப்பு மஞ்சள் கலந்த வெண்மையில் திட்டுத்திட்டாக ஒளிரும். இது நல்ல குறி, தீர்ப்பு அல்ல. கழுவிய பழைய சிலையும் ஊதாவாகத் தெரியலாம். அல்செயோ தொஸ்ஸேனா என்ற இத்தாலியச் சிற்பியின் கோத்திக், மறுமலர்ச்சிப் பாணி வேலைகளை இடைத்தரகர்கள் மூலச் சிற்பங்களாகவே விற்றார்கள். 1928-இல் விஷயம் வெளிவரும்வரை பெரிய அருங்காட்சியகங்களே ஏமாந்தன. உருவம் எந்தப் பீடத்தில், எந்தப் பக்கம், எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்று விற்பவரிடம் கேளுங்கள். முளைத் துளைகளின் இடம் அந்தப் பதிலோடு பொருந்தவில்லை என்றால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.